வீட்டின் அளவும் தெருவின் வாழ்வும்

திருவண்ணாமலைக்குச் செல்பவர்கள் முதலில் காண்பது, ஏறத்தாழ 217 அடி உயரமுள்ள கிழக்குக் கோபுரத்தை. அடுத்துக் காண்பது, அதற்குப் பின்னே நிற்கும் மலையை. இவ்விரண்டையும் அண்ணாந்து பார்த்த கண்கள், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளின் வீடுகளை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஓர் ஊர் எவ்வாறு உருவாகிறது, அதில் யார் யாருக்கு அடுத்த வீட்டுக்காரராக வாழ்கிறார் என்பதை அறிய விரும்புபவர் வீடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

1886-ல் நகராட்சியாகிய திருவண்ணாமலை, 1989-ல் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கு ஏறத்தாழ 1 லட்சத்து 45 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2024-ல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். ஊர் வளரும்போது ஓட்டு வீடுகள் மறைந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. இவற்றைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறோம்: எத்தனை மாடி? என்ன விலை? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே அளவா, பல அளவா? சாதாரணமாகத் தோன்றும் இக்கேள்வியின் விடை, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அத்தெருவின் வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானித்து விடுகிறது. அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

பழைய தெருவின் அமைப்பு

தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களின் பழைய வீடுகள் முகப்பில் குறுகியும் உட்புறம் நீண்டும் இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். சகோதரர்கள் பாகம் பிரித்துக் கொள்ளும்போது ஒரு வீடு இரண்டாகும். திண்ணையின் ஒரு பகுதி கடையாகும். மாடி அறையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு வருவார். பின்கட்டில் ஒரு விதவைத் தாயார் தனியே சமைத்துச் சாப்பிடுவார். இவ்வாறு ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாழ்வதை ஒண்டுக் குடித்தனம் என்றனர். சென்னைத் திருவல்லிக்கேணியில் இத்தகைய வீட்டுக்கு ‘ஸ்டோர்’ என்றே பெயர்.

இதனால் விளைந்தது என்ன? ஒரே தெருவில் பத்தடி அகல வீடும் முப்பதடி அகல வீடும் இருந்தன. ஒரே கூரையின்கீழ் முழு வீடும், அரை வீடும், ஓர் அறையும் இருந்தன. வருமானம் குறைந்தவருக்கும் கூடியவருக்கும், இளம் தம்பதிகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற இடம் அதே தெருவில் கிடைத்தது.

ஆயினும் பழைய தெருவைப் பொற்காலமாக எண்ணிவிடக் கூடாது. வீட்டின் அளவில் கலப்பு இருந்தது. சாதியில் கலப்பு இல்லை. எந்தத் தெருவில் எவர் வாழலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. சேரி ஊருக்கு வெளியே இருந்தது. ஒரே கழிப்பறைக்கும் ஒரே கிணற்றுக்கும் ஐந்து குடும்பங்கள் காத்து நின்றன. ஆகவே நாம் பழைய தெருவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பல அளவு இடங்கள் அருகருகே இருந்தால், பல நிலைகளில் உள்ள மனிதர்கள் அருகருகே வாழ முடியும்.

ஒரு சிறு கணக்கு

இதை எண்களால் விளக்குவோம். ஒரு மாடியில் 3,600 சதுர அடி இடம் இருப்பதாகக் கொள்வோம். இதில் 1,200 சதுர அடியில் மூன்று வீடுகள் கட்டலாம். அல்லது 1,200 சதுர அடியில் ஒன்று, 800 சதுர அடியில் இரண்டு, 400 சதுர அடியில் இரண்டு என ஐந்து வீடுகள் கட்டலாம். இடம் ஒன்றே. நான்கு மாடிகளுக்குக் கணக்கிட்டால், முதல் முறையில் 12 குடும்பங்கள், இரண்டாவதில் 20 குடும்பங்கள்.

கணக்குக்காகச் சதுர அடி 5,000 ரூபாய் என வைத்துக் கொண்டால், முதல் கட்டடத்தில் எல்லா வீடுகளும் 60 லட்சம் ரூபாய். அந்தத் தொகையைத் திரட்டவல்ல ஒரே வகைக் குடும்பங்கள்தாம் அங்கு வர முடியும். இரண்டாவது கட்டடத்தில் 60 லட்சம், 40 லட்சம், 20 லட்சம் என மூன்று விலைகளில் வீடுகள் உண்டு. மருத்துவர், எழுத்தர், மளிகைக் கடைக்காரர் ஆகிய மூவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவர்.

அப்படியானால் கட்டுபவர்கள் ஏன் முதல் முறையை விரும்புகின்றனர்? அதற்கும் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும், சிறியதோ பெரியதோ, ஒரு சமையலறையும் ஒரு குளியலறையும் தேவை. குழாய்களும் ஓடுகளும் மிகுதியாகச் செலவு வைப்பவை இவ்விரண்டு இடங்களிலேதான். எனவே சிறிய வீட்டின் சதுர அடிச் செலவு பெரிய வீட்டினுடையதைவிடக் கூடும். எல்லா மாடிகளிலும் ஒரே அமைப்பு இருந்தால் குழாய்கள் நேர் மேலும் கீழுமாகச் செல்லும், வேலை எளிது. இருபது பேரைத் தேடுவதைவிடப் பன்னிரண்டு பேரைத் தேடுவதும் எளிது. இவற்றோடு, ‘சிறு வீட்டுக்காரர்கள் வந்தால் நம் வீட்டின் மதிப்புக் குறையும்’ என்ற வாங்குவோரின் அச்சமும் சேர்ந்து கொள்கிறது.

ஒரே நாளில் நட்ட பயிர்

விலையோடு காலமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒரே அளவுள்ள வீடுகளை ஒரே ஆண்டில் விற்றால், வாங்குவோர் பெரும்பாலும் ஒரே வயதினராக இருப்பர். மூன்று அறை வீடு என்றால், பள்ளிக் குழந்தைகள் உள்ள நாற்பது வயதுத் தம்பதிகள் எனலாம். முதல் பத்து ஆண்டுகள் வளாகம் முழுவதும் குழந்தைகளின் கூச்சல். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகள் வேலைக்காகப் பெங்களூருக்கோ அயல்நாட்டுக்கோ போய்விடுவர். ஒவ்வொரு பெரிய வீட்டிலும் இரண்டு முதியவர்கள் மட்டும் எஞ்சுவர். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைவர். மாலையில் விளையாட ஆள் இருக்காது. லிஃப்ட் பழுதானால் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரமப்படுவர்.

திருவண்ணாமலை வட்டாரத்து உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நிலக்கடலையின் இடையே வரிசை விட்டுத் துவரை விதைப்பது அவர்கள் வழக்கம். கடலையைப் பிடுங்கிய பின்னும் துவரை நிற்கும், நிலம் வெறுமையாகாது. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கை கொடுக்கும். பல அளவு வீடுகள் உள்ள தெருவும் இத்தகையதே. சிறு வீட்டில் புதுமணத் தம்பதிகள் வருவர். குடும்பம் பெருகும்போது அதே தெருவில் பெரிய வீட்டுக்கு மாறுவர். கணவரை இழந்த முதியவர் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு வரலாம். பழகிய மருந்துக் கடையையும் பேச்சுத் துணையையும் இழக்க வேண்டியதில்லை.

வாரியங்களின் காலம்

இக்கருத்துக்களைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அதுதான் சென்னை மாநகரம். கடந்த அறுபது ஆண்டுகளில் பல வகையான அளவுத் திட்டங்கள் அங்கு செயற்படுத்தப்பட்டுள்ளன.

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு, குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் எனப் பிரித்து அது வீடுகளைக் கட்டியது. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்ற எழுத்துக்கள் மக்கள் நாவில் குடியிருப்புகளின் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. வரிசைகள் தனித்தனியே நின்றாலும் நகர் ஒன்றாக இருந்தது. கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், பூங்கா ஆகியவை எல்லோருக்கும் பொதுவாயின.

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. அதன் தொடக்ககால அடுக்குமாடிகளில் எல்லா வீடுகளும் ஏறத்தாழ ஒரே சிறிய அளவின. ஆனால் அவற்றிற் பல, குடிசைகள் இருந்த இடத்திலேயே, நகரின் நடுவே எழுந்தன. கட்டடத்துக்குள் கலப்பு இல்லாவிட்டாலும், கட்டடத்தைச் சுற்றிக் கலப்பு இருந்தது. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருந்தன.

அரும்பாக்கம் கற்பித்தது

மிகவும் கவனிக்கத்தக்க சோதனை 1977-ல் தொடங்கியது. உலக வங்கியின் கடனுதவியுடன் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் உருவாயிற்று. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில், முழு வீட்டைக் கட்டித் தராமல், மனையையும் அடிப்படை வசதிகளையும் மட்டும் தருவது என்று முடிவு செய்தனர். சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், கழிப்பறை ஆகியவை அரசின் பொறுப்பு. வீட்டைச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு.

இதில் இருந்த புதுமை மனைகளின் அளவில்தான். பெரும்பாலான மனைகள் ஏழைக் குடும்பங்களுக்கு உரியவை. ஒரு கிரவுண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் சிறு மனைகள். அவற்றின் அருகே நடுத்தரக் குடும்பத்துக்கான மனைகளும், பெரிய மனைகளும், கடைகளுக்கான இடங்களும் ஒதுக்கப்பட்டன. பெரிய மனைகளையும் கடை இடங்களையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு சிறு மனைகளின் விலையைக் குறைத்தனர். ஆகவே அளவுக் கலப்பு என்பது அங்கு வெறும் நல்லெண்ணமாக இருக்கவில்லை; திட்டத்தின் வரவு செலவே அதன்மீது நின்றது.

தொடக்கத்தில் இத்தகைய திட்டங்களைப் பலர் தோல்வி என்றனர். மனைகள் வெகுநாள் காலியாகக் கிடந்தன. வேலை செய்யும் இடங்கள் தொலைவில் இருந்தன. சிலர் மனையை விற்றுவிட்டுப் போயினர். 1990-களில் உலக வங்கியே இம்முறையிலிருந்து பெரிதும் விலகிச் சென்றது.

இருபது ஆண்டுகள் கழித்து, கேட் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகிய ஆய்வாளர்கள் சென்னையிலும் மும்பையிலும் இத்திட்டங்கள் நடந்த இடங்களைத் திரும்பப் பார்த்தனர். 2018-ல் ‘வேர்ல்ட் டெவலப்மெண்ட்’ இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரை, பழைய தீர்ப்பைத் திருத்தியது. அவை உயிர்ப்புள்ள குடியிருப்புகளாக வளர்ந்திருந்தன. பல வருமானத்தினரும் ஒரே பகுதியில் வாழ்ந்தனர். சிறு மனைகள் சிறியவையாக இருந்ததாலேயே, நிலவிலை உயர்ந்த பின்னும் எளியவர்களுக்கு அங்கு ஓரளவு இடம் எஞ்சியிருந்தது. குடும்பங்கள் மாடி எழுப்பின. ஒரு தளத்தை வாடகைக்கு விட்டன. மனைகளின் பல்வேறு அளவுகளே இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று அவர்கள் கண்டனர்.

அரும்பாக்கத்தில் உள்ள எம்.எம்.டி.ஏ. காலனி அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பெயர் மாறிய பின்னும் காலனியின் பெயர் மாறவில்லை.

கண்ணகி நகரின் எச்சரிக்கை

இதற்கு நேர்மாறான சோதனையும் அதே சென்னையில் நடந்தது. 2000-ஆம் ஆண்டு முதல், நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கண்ணகி நகர் எழுந்தது. நதிக்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக, 15,000-க்கும் மேற்பட்ட சிறு வீடுகள் ஒரே இடத்தில் கட்டப்பட்டன. பின்னர் செம்மஞ்சேரியும், எட்டு அடுக்குக் கட்டடங்களைக் கொண்ட பெரும்பாக்கமும் சேர்ந்தன.

கூரை கிடைத்தது உண்மை. ஆனால் பழைய வேலைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் கூடியது. வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் வேலையை இழந்தனர். எல்லோரும் ஒரே நிலையில் இருந்ததால், ஒருவருக்கு வேலை சொல்லக்கூடிய அடுத்த வீட்டுக்காரர் அருகில் இல்லை. ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பலமுறை கூறியுள்ளனர். இது அம்மக்களின் குறை அன்று. ஒரே அளவையும் ஒரே வருமானத்தையும் ஒரே இடத்தில் குவித்துவிட்டால், முகவரியே அடையாளமாகி விடுகிறது.

சிங்கப்பூரின் ஓரறையும் ஐந்தறையும்

தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரும் இவ்வழியில் நமக்குப் பாடம் தருகிறது. அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவசரத்தேவைக்காக ஓரறை வீடுகள் விரைவாகக் கட்டப்பட்டன. காலப்போக்கில் ஈரறை, மூவறை, நாலறை, ஐந்தறை என வகைகள் பெருகின. அங்கு கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவர். எனவே மூவறை வீடு என்பது இரண்டு படுக்கையறை வீடே.

இன்று அந்நாட்டில் வசிப்போருள் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இக்கழக வீடுகளில் வாழ்கின்றனர். பல இடங்களில் ஒரே கட்டடத்தில் பல வகை வீடுகள் உள்ளன. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன விகிதத்துக்கு வரம்பு உண்டு. பிள்ளைகள் பிரிந்து சென்ற பின் முதியவர்கள் பெரிய வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்கு மாறவும் வழி செய்துள்ளனர். அங்கு நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். நம் நாட்டில் அப்படியில்லை. அதனால் அம்முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனால் வீட்டின் அளவுகளைச் சந்தையின் போக்குக்கே விடாமல், முன்கூட்டித் திட்டமிட முடியும் என்பதை அது காட்டுகிறது.

பூட்டிய வீடும் மலைச்சரிவும்

மீண்டும் திருவண்ணாமலைக்கு வருவோம். இங்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோயில் ஊரில் சிறிய வீடு என்றால் அது எளியவர்களுக்கான வீடு என்று கொள்ள முடியாது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வந்து தங்க, வெளியூரில் இருப்பவர்களும் சிறிய அடுக்குமாடி வீடுகளை வாங்குகின்றனர். மாதத்தில் இரண்டு நாள் விளக்கெரியும். மற்ற நாட்களில் பூட்டுத் தொங்கும். பூட்டிய வீட்டுக்குப் பால்காரர் வேண்டாம், பள்ளி வேண்டாம், தெருக்கோடி மளிகைக் கடையும் வேண்டாம். ஆகவே எத்தனை அளவுகள் என்பதோடு, ஆண்டு முழுவதும் வாழ்பவர்களுக்காக எத்தனை வீடுகள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இது ஓர் ஊரின் கதை மட்டும் அன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. 2012-ல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழுவோ, நகரங்களில் ஒரு கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அப்பற்றாக்குறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாயினரையும் சார்ந்தது. வீடுகள் ஒரு பக்கம் பூட்டிக் கிடக்க, வீடில்லாதோர் மறுபக்கம் நிற்கின்றனர். தேவைப்படும் அளவிலும் விலையிலும் வீடுகள் கட்டப்படாததே இதன் பெரும் காரணம்.

வாங்கும் விலையில் சிறு வீடு கிடைக்காதவர் என்ன செய்வார்? எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கு கட்டிக்கொள்வார். ஓடைக்கரை, ஏரிக்கரை, மலைச்சரிவு ஆகியவை அவருக்கு எஞ்சும் இடங்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் பெய்த பெருமழையில், டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே சிக்கிய ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

அச்சரிவுக்கு நேர்க்காரணம் மழை. ஆயினும் சரிவின்கீழ் வீடுகள் ஏன் பெருகுகின்றன என்ற கேள்வியை மழையின்மேல் போட்டுவிட்டு நாம் நகர முடியாது. ‘அங்கே கட்டாதே’ என்று தடுப்பது அவசியம். தடுக்கும் கை, ‘இங்கே வா’ என்று சமநிலத்தில் ஒரு சிறு வீட்டையும் காட்ட வேண்டும். அந்த வீடு ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டரில் இருந்தால் கண்ணகி நகரின் கதையே திரும்பும். கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில், மற்ற அளவு வீடுகளின் நடுவே இருந்தால்தான் அது பயன்படும்.

இதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் விதி தமிழ்நாட்டில் உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம், சுவர்களுக்கு உட்பட்ட தரைப்பரப்பில் 30 சதுர மீட்டர் வரை நலிந்த பிரிவினருக்கான வீடு என்றும், 60 சதுர மீட்டர் வரை குறைந்த வருவாயினருக்கான வீடு என்றும் வரையறுத்தது. முப்பது சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 323 சதுர அடி. மேலே கண்ட கணக்கில் 400 சதுர அடி வீட்டின் உட்பரப்பு இதற்கு அருகில்தான் வரும். அதாவது, மாடிக்கு இரண்டு சிறு வீடுகள் சேர்ப்பது கற்பனைக்கு எட்டாத காரியமன்று. அரும்பாக்கத்தில் 1977-லேயே செய்தது போல, பெரிய வீட்டின் இலாபத்தில் ஒரு பங்கு சிறிய வீட்டைத் தாங்க வேண்டும்.

நீங்களும் எண்ணிப் பாருங்கள்

மாணவர்கள் இதை ஏட்டளவில் விட்டுவிடாமல் தங்கள் தெருவிலேயே ஆராயலாம். ஒரு தாளில் தெருவின் வரைபடத்தை வரைந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை வீடுகள், அவை ஓரறையா, இரண்டறையா, மூன்றறையா, சொந்தமா, வாடகையா, பூட்டியதா என்று குறியுங்கள். முதியவர் மட்டும் வாழும் வீடு எது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு எது என்று வண்ணம் தீட்டுங்கள். தெருவைப் பெருக்குபவரும், இட்லிக் கடை நடத்துபவரும், உங்கள் பள்ளியின் காவலாளியும் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

வரைபடம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர்கள் இத்தெருவிலேயே வாழ விரும்பினால், அவர்களுக்கு ஏற்ற அளவில் ஒரு வீடாவது இங்கு உண்டா? அடுத்த மனையில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, அதே கேள்வியை அதைக் கட்டுபவரிடமும், உங்கள் வட்ட மாமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். அஸ்திவாரம் மூடப்பட்ட பின் வீட்டின் அளவை மாற்றுவது கடினம். வரைபடம் மேசைமேல் இருக்கும்போது அதற்கு ஓர் அழிப்பானும் பென்சிலும் போதும்.